ஒன்பது நாள் கைப்பையில் இருந்த குளிசை

தனுஷியாவைப் பற்றி நல்லதாக நாலு வரி எழுதித் தரச் சொன்னால் எங்கள் தொடர்மாடியில் யாரும் எழுதித் தருவார்கள். என்னைத்தான் கேட்கக் கூடாது. அவள் என் கணவரின் தம்பி ஹரிசனுடைய மனைவி. வெள்ளவத்தையில் கடலுக்கு இறங்கும் ஓர் ஒழுங்கையில், ஐந்தாம் மாடியில், எதிரெதிர் வீடுகளில் இருக்கிறோம். ஒரு வீட்டில் நானும் இவரும். மற்றதில் மாமியும் ஹரிசனும் அவளும். இரண்டு கதவுக்கும் இடையில் எட்டடி தூரம்தான். அவள் அங்கே சிரித்தால் என் சமையலறையில் கேட்கும். அவள் சிரிக்காத நேரமும் குறைவு.

ஆனாலும் நான்தான் எழுத வேண்டியிருக்கிறது. அவளைப் பற்றி எனக்கு மட்டும் தெரிந்த ஒரு விசயம் இருக்கிறது.

அவள் கிருலப்பனைப் பிள்ளை. தகப்பன் கதிர்காமநாதன் தபால் கந்தோரில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். நாலு பெண்பிள்ளைகளில் இவள் மூன்றாவது. பம்பலப்பிட்டியில் ஒரு மொன்டிசூரியில் படிப்பிக்கிறாள். இருபத்தாறு வயதில் எங்கள் வீட்டுக்கு மருமகளாக வந்தபோது பின்னல் இடுப்புக்குக் கீழே கிடந்தது. எனக்கு அந்த வயதிலேயே பாதி சீப்போடு வந்துவிட்டது. மரக்கறிக்காரனை "மல்லி, மல்லி" என்று தம்பி முறை சொல்லிக் கூப்பிட்டுச் சிங்களத்தில் ஊர்க்கதை கதைத்து, கை நிறையக் கறிவேப்பிலையை இனாமாக வாங்கிக்கொண்டு வருவாள். அதே ஆளிடம் நான் எத்தனையோ வருடமாக வாங்குகிறேன், எனக்கு ஒரு காம்பு கிடைத்ததில்லை. சாப்பாட்டை நின்றபடியே சாப்பிடுவாள். குளிக்கும்போது பாட்டு வேறு. சுருதி மருந்துக்கும் கிடையாது. மாமி அதைக் கேட்டு விழுந்து விழுந்து சிரிப்பார். நான் வந்த புதிதில் குழாயைக் கொஞ்சம் கூடத் திறந்ததற்கே முகத்தைச் சுளித்த அதே மாமி. எரியுமா எரியாதா?

என் பெயர் அனுஷியா. காலி வீதியில் ஜவாத் நானாவின் பாமசியில் பதினாறு வருடமாக மருந்து எடுத்துக் கொடுக்கிறேன். கலியாணமாகிப் பதினொரு வருடம். பிள்ளை இல்லை. இதைச் சொன்னவுடன், ஓ, அதனால்தான் இந்த எரிவு என்று முடிவு கட்டிவிடுவீர்கள். அப்படியில்லை. எங்கள் கடைக்கு வரும் ஸீனத் ரீச்சருக்கும் பிள்ளை இல்லை. ஊர்ப்பிள்ளைகளுக்கெல்லாம் ரொபி வாங்கிக் கொடுத்துக்கொண்டு திரிகிறார். எனக்கு எரிவு வந்தது. அது என் குணம்.

பாமசியில் சின்னதாக ஒரு மஞ்சள் குளிசை இருக்கிறது. போலிக் அசிட். பெரிய மருந்தொன்றும் இல்லை, ஒரு விற்றமின். கீரையிலும் பயறிலும் கடலையிலும் ஈரலிலும் தோடம்பழத்திலும் இருப்பதுதான். ஆனால் வயிற்றில் ஒரு பிள்ளை தங்கினால் முதல் நாலு கிழமைக்குள் அதன் மூளைக்கும் முள்ளந்தண்டுக்கும் அடித்தளம் போட்டு மூடிவிடும். அந்த நேரம் தாயின் உடம்பில் இது போதுமான அளவு இல்லாவிட்டால் சில பிள்ளைகளுக்கு முள்ளந்தண்டு சரியாக மூடாமலே போகும். பிறகு எதைக் கொடுத்தாலும் மூடாது. நாலு கிழமை என்றால் தாய்க்கே அப்போதுதான் சந்தேகம் வந்திருக்கும். அதனால்தான் பிள்ளைக்கு ஆசைப்படும்போதே தொடங்க வேண்டும் என்கிறார்கள். சாப்பாட்டில் வருவதை மட்டும் நம்பி இருக்க முடியாது. பதினொரு வருடமாக நானே விழுங்குகிற குளிசை. என்னை நித்திரையில் எழுப்பிக் கேட்டாலும் இதைப் பிழையில்லாமல் சொல்வேன்.

வெள்ளவத்தைப் பெண்கள் இந்தக் குளிசையை வெள்ளவத்தையில் வாங்க மாட்டார்கள். காலையில் வாங்கினால் பின்னேரம் கோயிலடியில் கதை வந்துவிடும். எங்கள் ஒழுங்கைக்காரிகள் பம்பலப்பிட்டிக்குப் போவார்கள், கிருலப்பனைக்காரிகள் எங்களிடம் வருவார்கள். எதற்கு என்று நான் கேட்காமலே "தலைமயிர் கொட்டுது" என்பார்கள். நானும் ஓம், தலைமயிருக்கு நல்லது என்று எண்ணிக் கொடுப்பேன். கொடுத்துவிட்டுக் குரலைத் தாழ்த்தி, "பிள்ளை, இண்டைக்கே தொடங்குங்கோ. ஒரு நாளும் விடாதேங்கோ" என்பேன். முன்பின் தெரியாத எத்தனை பேருக்குச் சொல்லியிருப்பேன் என்று கணக்கே இல்லை.

தனுஷியாவுக்குச் சொல்லவில்லை.

மறந்துபோய் விட்டதல்ல. கலியாணம் முடிந்த கிழமையே நினைத்தேன். நாளைக்குச் சொல்வோம் என்று விட்டேன். பிறகு ஒரு நாள் அவள் கீரை அவிப்பதைப் பார்த்தேன். பொன்னாங்காணியைத் தண்ணீர் நிறைய விட்டு, அது கறுத்துப்போகும் வரைக்கும் அவித்து, பிழிந்து, அந்தப் பச்சைத் தண்ணீரைத் தொட்டிக்குள் ஊற்றினாள். விற்றமினில் முக்கால்வாசி அந்தத் தண்ணீரோடு போனது. நான் கதவு நிலையில் சாய்ந்துகொண்டு பார்த்தபடி நின்றேன். மாமி அந்தச் சக்கையைத் தேங்காய்ப்பூவோடு சாப்பிட்டுவிட்டு, "அனுஷியா, இப்பிடிக் கசப்பில்லாமல் கீரை வைக்க உம்மாலயும் ஏலாது" என்றார். சரி, சாப்பிடுங்கள் என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டேன். அன்றைக்கு எனக்கு நல்ல திருப்தி. அதைச் சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது.

மாமியின் வீட்டில் சாமித்தட்டு சுவரில் உயரத்தில் இருக்கிறது. மாமிக்குத் தோள்மூட்டு நோ, கையைத் தூக்க முடியாது. அதனால் விளக்குக் கொளுத்துவது தனுஷியாவின் வேலை. மாதத்தில் அவளுக்கு ஆகாத நாட்களில் மாமி என் கதவைத் தட்டுவார், நான் போய்க் கொளுத்துவேன். ஒருவரும் ஒன்றும் சொல்வதில்லை. ஆனால் யாருடைய நாள் எப்போது என்பது இரண்டு வீட்டுக்கும் கலண்டரில் எழுதி ஒட்டியது போலத் தெரியும். என்னுடைய நாட்கள் பதினொரு வருடத்தில் ஒரு மாதமும் பிந்தியதில்லை. அதுவும் இரண்டு வீட்டுக்கும் தெரியும்.

அந்த மாதம் மாமி கதவைத் தட்டவில்லை.

முதல் நாள் கவனிக்கவில்லை. மூன்றாம் நாள் கவனித்தேன். ஐந்தாம் நாள் கதவைத் திறந்து எட்டிப் பார்த்தேன். தனுஷியா முக்காலியில் ஏறி நின்று விளக்குக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தாள். மாமி ஒரு நாளும் இல்லாமல் அந்த முக்காலியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றார். திரும்பி வந்து கட்டிலில் இருந்து அழுதேன். சந்தோசத்தில் என்று சொல்ல ஆசைதான். இல்லை, அப்பட்டமான பொறாமை. கலியாணமாகி ஏழு மாதம்! இவளுக்கு ஏழு மாதம் போதுமாக இருந்திருக்கிறது.

அழுது முடிந்ததும் தலை தன் வேலையைத் தொடங்கியது. பாமசித் தலை. அவள் முழுகாமல் இருப்பது சரியென்றால், முள்ளந்தண்டு மூடுவதற்கு இன்னும் ஒரு கிழமை இருக்கிறது. கூடினால் எட்டு நாள். இவ்வளவு பிந்தித் தொடங்குவது முறையில்லை, முதலே தொடங்கியிருக்க வேண்டும். ஆனாலும் ஒன்றுமில்லாததற்கு அது எவ்வளவோ மேல். அவள் ஏற்கெனவே எடுக்கிறாளா என்று கேட்கலாமென்றால், கேட்ட உடனே எனக்குத் தெரிந்துவிட்டது என்று தெரிந்துவிடும். மூன்று மாதம் முடியாமல் ஒருவரும் வெளியில் விட மாட்டார்கள். கண்ணூறு படும் என்ற பயம். யாருடைய கண்ணுக்கு முதலில் பயப்படுவார்கள் என்று எனக்குத் தெரியாதா? அன்றைக்கு வேலைக்குப் போனதும் முப்பது குளிசை எண்ணிக் கவரில் போட்டு, கைப்பைக்குள் வைத்துக்கொண்டு வந்தேன்.

அந்தக் கைப்பையோடு எட்டடி தூரத்தைக் கடக்க எனக்கு ஒன்பது நாள் பிடித்தது.

முதல் நாள் லிப்டில் மாமியும் கூட வந்தார் என்று விட்டேன். அது நியாயமான காரணம். மற்ற நாட்களுக்கு நியாயமே கிடையாது. இரண்டாம் நாள் அவள் ரெலிபோனில் தமக்கையோடு சிரித்துக்கொண்டிருந்தாள், அந்தச் சிரிப்பைக் கேட்டதும் கொடுக்க மனம் வரவில்லை. மூன்றாம் நாள் மாமி மீன்குழம்பில் இருந்த தலையை எடுத்து அவளுடைய சாப்பாட்டுக் கோப்பையில் வைத்தார். நாலாம் நாள் பௌர்ணமிப் போயா, எல்லோருக்கும் லீவு. அவள் பகல் முழுக்கத் தனியாக பல்கனியில் உடுப்புக் காயப்போட்டுக்கொண்டு நின்றாள். கூப்பிட்டால் கேட்கும் தூரம். கூப்பிடவில்லை. ஆறாம் நாள் அவளுக்குத் தலைசுற்று என்று இவர் வேலையால் வரும்போது இளநீர் வாங்கிக்கொண்டு வந்து கொடுத்தார். என்னோடு வாழ்ந்த பதினொரு வருடத்தில் எனக்கென்று இந்த மனிதர் ஒரு இளநீர் சுமந்து வந்ததில்லை. அன்றைக்குக் கைப்பையின் சிப்பை இழுத்து மூடிவிட்டு, போனால் போகட்டும் என்றே நினைத்தேன். வாய்விட்டுச் சொல்லவில்லையே தவிர, நினைத்தேன்.

ஒன்பதாம் நாள் கிருலப்பனையில் இருந்து ஒரு புதுப்பெண் கடைக்கு வந்தாள். மருதாணி இன்னும் கையில் இருந்தது. தலைமயிர்க் கதை ஒன்றும் சொல்லாமல் நேராகவே கேட்டாள்.

"அக்கா, இது தொடங்கப் பிந்தினா என்ன நடக்கும்?"

வழமை போலச் சொல்லத் தொடங்கினேன். பிள்ளைக்கு முள்ளந்தண்டு மூடாமல் விட்டால் நடக்க மாட்டாது, மூத்திரம் போவது கூட அதன் கட்டுப்பாட்டில் இராது, சில பிள்ளைகள் பிறந்த நாளிலேயே... பாதியில் நிறுத்திவிட்டேன். அந்தப் பெண் பயந்துபோய் என்னைப் பார்த்தாள். ஜவாத் நானா கல்லாவில் இருந்து, "என்ன அனுஷியா, சொகமில்லயா?" என்று கேட்டார். ஓம், சுகமில்லை என்று சொல்லிவிட்டு அந்த நேரமே வெளிக்கிட்டேன்.

தனுஷியாதான் கதவைத் திறந்தாள். மாமி மத்தியான நித்திரை. கவரை நீட்டினேன்.

"உமக்குத்தான். போலிக் அசிட். இண்டைக்கே தொடங்கும். ஒரு நாளும் விடாதையும்."

அவளுடைய முகம் வெளுத்தது. கவரை இரண்டு பக்கமும் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"உங்களுக்குத் தெரியுமெண்டு மாமிக்குத் தெரியுமோ?"

"இல்லை. டொக்டரிட்டப் போகேல்லையோ நீர்?"

"மூண்டு மாதம் முடியட்டும் எண்டு மாமி சொன்னவ. அந்தக் கிளினிக்கில வெள்ளவத்தை முழுக்க வந்து இருக்குமாம்." கவரை இன்னொரு தரம் பார்த்துவிட்டு, "தாங்க்ஸ் அக்கா" என்றாள். குரல் ஒரு மாதிரி இருந்தது. வெட்கமாக்கும் என்று நினைத்துக்கொண்டு எட்டடியைக் கடந்து வந்துவிட்டேன்.

அதன் பிறகு ஸ்கேன் எடுக்கும் வரைக்கும் நான் பட்ட பாடு கொஞ்சமல்ல. அவள் வயிறு தெரியத் தொடங்கியது. தெரிய வேண்டியவர்களுக்குச் சொன்னார்கள். எனக்கும் புதிதாகச் சொல்வது போல மாமி வந்து சொன்னார், நானும் புதிதாகக் கேட்பது போலக் கேட்டேன். மாங்காய், புளி, பட்டுச்சேலை என்று கிருலப்பனையில் இருந்து வந்து இறங்கிக்கொண்டே இருந்தது. அத்தனையையும் பார்த்துப் பொறாமைப்படக் கூட எனக்கு நிம்மதி இல்லை. பொறாமை வரும், வந்த கையோடு பயமும் வரும். அந்தப் பிள்ளைக்கு ஒன்று என்றால் அது என் ஒன்பது நாள். பாமசியில் பெண்களுக்குப் பாடம் எடுக்கிற அனுஷியாவின் ஒன்பது நாள். பெரும்பாலான பிள்ளைகள் இந்தக் குளிசை இல்லாமலும் நல்லாகவே பிறக்கின்றன என்று எனக்குத் தெரியும். இரவுபகலாக அதைத்தான் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஆனால் சில பிள்ளைகள் அப்படிப் பிறப்பதில்லை என்பதும் அதே வாயால் நான் சொல்லி வந்ததுதானே.

ஐந்தாம் மாதம் ஸ்கேன். அன்றைக்குக் காலையில் ஒரு சீனி வருத்தக்காரருக்குக் குளிசையைப் பிழையாக எண்ணி, பிறகு ஓடிப்போய் பஸ் தரிப்பிடத்தில் வைத்து மாற்றிக் கொடுத்தேன். பதினொரு மணிக்கு ஹரிசனின் ரெலிபோன் கோல் வந்தது.

"அண்ணி, எல்லாம் நல்லமாம். முள்ளந்தண்டு வடிவாத் தெரியுதாம்."

கடைக்குப் பின்னால் இருக்கிற பெட்டிகளுக்கு மேல் இருந்துவிட்டேன். பத்து நிமிடம் இருக்கும். அந்தப் பத்து நிமிடமும் எனக்கு யார் மீதும் எரிவு இருக்கவில்லை. பிறகு, பொம்பிளைப் பிள்ளையாம் என்று ஒரு மெசேஜ் வந்தது. நானும் இவரும் பொம்பிளைப் பிள்ளைக்குத்தான் ஆசைப்பட்டோம். பழையபடி தொடங்கிவிட்டது.

அந்த ஸ்கேனோடு இன்னொரு வில்லங்கம் வந்தது. டொக்டர் போலிக் அசிட் எப்போது தொடங்கினீர்கள் என்று கேட்டிருக்கிறார். தனுஷியா, "என்ர அக்கா பாமசியில வேலை செய்யிறவ, அவதான் தொடக்கத்திலேயே தந்தவ" என்று சொல்லியிருக்கிறாள். பக்கத்தில் இருந்த மாமியின் காதில் விழுந்துவிட்டது. அதன் பிறகு மாமியின் வாய் ஓயவில்லை. லிப்டில், கோயிலில், மரக்கறிக்காரனிடம் கூட அரைகுறைச் சிங்களத்தில், மூத்த மருமகள்தான் பேத்தியின் முள்ளந்தண்டைக் காப்பாற்றினாள் என்று சொல்லித் திரிந்தார். பதினொரு வருடமாக அந்த வாயில் இருந்து ஒரு நல்ல சொல் வராதா என்று காத்துக் கிடந்தவள் நான். வந்தது. ஒவ்வொரு சொல்லும் நெருப்புக்கட்டி.

பிள்ளை தை மாதம் பிறந்தது. முப்பத்தோராம் நாள் துடக்குக் கழிக்கும் சடங்குக்கு வீடு நிறைய ஆட்கள். மாமி எல்லோருக்கும் முன்னால் என் கையைப் பிடித்து இழுத்து, "இவவின்ர கையில முதல் குடுங்கோ. இவவாலதான் இந்தப் பிள்ளை நேரா நிமிந்து நடக்கப் போகுது" என்றார். பிள்ளை என் கைக்கு வந்தது. நல்ல கனம். கழுத்தடியில் இருந்து கீழே வரைக்கும் முதுகைத் தடவிப் பார்த்தேன். ஒரு குறையும் இல்லை. எல்லோரும் என் கண்ணில் தண்ணீரைப் பார்த்துப் பாவப்பட்டார்கள். அதற்கு மேல் எனக்குத் தாங்கவில்லை.

ஆட்கள் போனதும் தனுஷியாவின் அறைக்குப் போனேன். பிள்ளைக்குப் பால் கொடுத்துக்கொண்டு இருந்தாள். கதவைச் சாத்தினேன்.

"தனுஷியா, உமக்கு ஒண்டு சொல்ல வேணும். அந்தக் குளிசை ஒன்பது நாள் என்ர கைப்பைக்குள்ள கிடந்தது. நான் வேணுமெண்டுதான் தராமல் இருந்தனான்."

அவள் நிமிர்ந்து கூடப் பார்க்கவில்லை.

"தெரியும் அக்கா. கவரில திகதி எழுதியிருந்தனீங்கள்."

குளிசையைக் கவரில் போட்டால் பெயர், வேளை, திகதி. பதினாறு வருடத்தில் அது கை தானாகச் செய்யும் வேலை. பதினாலாம் திகதி என்று என் கையெழுத்தில் எழுதியதை இருபத்துமூன்றாம் திகதி கொண்டுபோய் நீட்டியிருக்கிறேன்.

"அண்டைக்கே கண்டனீரோ?"

"கதவடியிலயே கண்டனான். பிறகு இன்ரநெற்றில எடுத்து வாசிச்சன், எத்தினை நாளுக்குள்ள எண்டு. வாசிச்சுப்போட்டு பாத்றூமுக்குள்ள இருந்து அழுதன். ஸ்கேன் எடுக்குமட்டும் ஒவ்வொரு நாளும் உங்களைத் திட்டினனான். அக்கா சாப்பிட்டிங்களோ எண்டு கேக்கேக்கயும் மனசுக்க திட்டிக்கொண்டுதான் கேட்டனான்."

"அப்ப ஏன் டொக்டரிட்ட அப்பிடிச் சொன்னனீர்? மாமி ஊரெல்லாம் என்னைப் புகழேக்க ஏன் பேசாமல் இருந்தனீர்?"

இப்போதுதான் நிமிர்ந்தாள்.

"உங்களுக்கு நல்லாச் சுடட்டும் எண்டுதான். சுட்டதோ?"

"சுட்டது."

"ம்" என்றாள். பிள்ளையை மற்றப் பக்கம் மாற்றிப் போட்டாள். நான் போவதா நிற்பதா என்று தெரியாமல் நின்றேன். அவளுக்கு ஆத்திரம் முடிந்துவிட்டதா இல்லையா என்று முகத்தைப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியவில்லை.

"அக்கா, அடுத்ததுக்கு இப்பிடிச் செய்யாதேங்கோ."

அடுத்தது! முப்பத்தொரு நாள்தான் ஆகிறது, அடுத்ததைப் பற்றிக் கதைக்கிறாள். அவ்வளவு நிச்சயம் அவளுக்கு. பழைய எரிவு அப்படியே கிளம்பி வந்தது. முகத்தை மறைக்க எனக்கு நேரம் கிடைக்கவில்லை, அவள் பார்த்துவிட்டாள்.

"எரியுதோ?"

"ஓம்."

"எரியட்டும். ஆனா குளிசையை நேரத்தோட தாங்கோ."